பால் இல்லை, முட்டை இல்லை, பாவம் இல்லை

ராபர்ட்சன்பேட்டையில் 'பர்கர் பந்து' திறந்த அன்று வாசலில் கட்டியிருந்த பேனரில் மூன்று மொழிகளில் ஒரே வாசகம் இருந்தது. "எங்கள் வீகன் பர்கர்: பால் இல்லை, முட்டை இல்லை, பாவம் இல்லை."

கன்னடத்தில் பந்து என்றால் உறவினர். உலகத்தையே உறவாக்கிக்கொள்ளும் நோக்கத்தோடு பெங்களூரில் அந்தக் கம்பெனியைத் தொடங்கியதாகக் கடையின் உட்சுவரில் எழுதியிருந்தார்கள். வேலை செய்கிறவர்களுக்கு இளைய உறவினர், மூத்த உறவினர் என்று பதவிகள். வாடிக்கையாளருக்கு உறவு என்று பெயர். கே.ஜி.எப். என்று எல்லோரும் சொல்லும் கோலார் தங்கவயலின் தமிழர்களுக்கு இந்த நோக்கம் எட்டவில்லை. அவர்கள் அதைப் பந்துக் கடை என்றார்கள். மற்றபடி கோழியும் முட்டையும் சீஸும் விற்கிற கடைதான். வீகன் பர்கர் மட்டும் விலைப்பலகையின் ஒரு மூலையில் பச்சை இலைப் படத்தோடு தனியாக இருந்தது.

அந்தப் பேனரை முனிரத்தினம் இரண்டு முறை படித்தார். பழைய சுரங்கக் குடியிருப்பான நந்திதுர்க் லைனில் இருப்பவர். நாற்பத்து நான்கு வயது. விடியற்கால ரயிலில் பெங்களூர் போய் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுதுபார்க்கிற வேலை. அவருடைய தொழிலில் கேள்விகள் எளிமையானவை. கயிறு தாங்குமா, தாங்காதா. 'ஓரளவு தாங்கும்' என்று எழுதிக்கொடுத்தால் மறுநாள் வேலை இருக்காது.

அவருடைய ஒரே மகள் இந்து ஏழாவது படிக்கிறாள். அவளுக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைக் கலக்கும் என்ற அர்த்தத்தில் இல்லை. நான்கு வயதில் யாரோ கொடுத்த பால்கோவாவை ஒரு விரல் நக்கியதில் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, நீலமாகிப்போனாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் இல்லை, தயிர் இல்லை, நெய் இல்லை. முட்டையும் ஒத்துக்கொள்ளாது என்று பிறகு தெரிந்தது. இந்துவின் பையில் எப்போதும், மூச்சடைத்தால் உடனே போட ஒரு மருந்து ஊசி இருக்கும். அவள் இதுவரை யாருடைய பிறந்தநாளிலும் எதையும் சாப்பிட்டதில்லை. பலூன் ஊதிக் கொடுப்பாள், பாட்டுப் பாடுவாள், வீட்டுக்கு வந்து சோறு தின்பாள்.

இப்போது பக்கத்து வரிசையில் இருக்கும் ஈவ்லின், இந்துவின் வகுப்புத் தோழி, தன் பிறந்தநாளைப் பந்துக் கடையில் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை. பேனரைப் பார்த்துவிட்டு முதலில் ஓடிவந்து சொன்னதும் ஈவ்லின்தான்.

"அப்பா, பால் இல்லன்னு எழுதி கீறாங்க. எல்லாரும் துன்றத நானும் துன்னலாமில்ல?" என்றாள் இந்து.

"கேட்டுட்டு வரேன்" என்றார் முனிரத்தினம். ஒரு நிமிட வேலை என்று நினைத்தார்.

கவுண்டரில் வாணி என்ற பெண் நின்றிருந்தாள். ஆண்டர்சன்பேட்டைப் பெண். சட்டையில் 'இளைய உறவினர்' என்று பட்டை குத்தியிருந்தது.

"வாங்க உறவே. இன்னைக்கு எந்த மகிழ்ச்சி வேணும்?"

முனிரத்தினம் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"அந்த வீகன் பர்கர்ல பால் கீதாம்மா?"

"அது வீகன் சார்."

"தெரியும்மா. பால் கீதா, இல்லியா?"

வாணி திரையைப் பார்த்தாள். "சீஸ் எத்தனை போடட்டும் சார்? ஒண்ணா, ரெண்டா?"

"சீஸ் பால்லதானே பண்றாங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு வீகன்ல போடறீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வேணாம்ன்ற பட்டன் இந்த ஸ்க்ரீன்ல இல்ல சார். ஒண்ணு, ரெண்டு, அளவில்லாம. அவ்ளோதான் கீது. மேனேஜர கூப்புடறேன் இருங்க."

மேனேஜர் சரத் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். பங்காருபேட்டைக்காரன். பட்டையில் 'மூத்த உறவினர்'. வந்ததும் மேசை மேலிருந்த பித்தளை மணியை ஒரு தட்டுத் தட்டினான். உடனே வாணியும், உள்ளே கோழி வறுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். கேள்வி கேட்கிற உறவை இப்படிக் கௌரவிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி.

"சொல்லுங்க சார்."

முனிரத்தினம் தன் கேள்வியைச் சொன்னார். மகளுக்குப் பால் பட்டால் மூச்சு நின்றுவிடும் என்பதையும் சொன்னார்.

"குட் கொஸ்டின் சார். நம்ம வீகன்ல ரெண்டு லெவல் இருக்கு. ஒண்ணு வீகன், இன்னொண்ணு ஸ்ட்ரிக்ட் வீகன். வீகன்ல கொஞ்சம் பட்டர் வரும். டேஸ்ட் வேணுமில்ல?"

"ஸ்ட்ரிக்ட்ல?"

"ஸ்ட்ரிக்ட்ல பட்டர வெளிய சொல்ல மாட்டோம்."

முனிரத்தினம் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். அதில் கேலி எதுவும் இல்லை.

"சரி, பன்னுல?"

"பன் வெளிலேந்து வருது சார். அது வீகன் ஸ்கோப்புல வராது. வீகன்றது உள்ள வைக்கிற அந்த உருளக்கிழங்கு கட்லெட். பன்னு பேக்கேஜிங் மாதிரி."

"பேக்கேஜிங்கையும்தானே துன்றோம்?"

"அது கஸ்டமரோட சாய்ஸ் சார்."

"கோழி போடற எண்ணெய்லயேதான் இதையும் போடறீங்களா?"

"வெஜிடபிள் ஆயில்தான் சார்" என்றான் சரத் பெருமையாக.

"தம்பி, எனக்கு ஒண்ணுதான் தெரியணும். ஆமான்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க. நான் போறேன்."

சரத்தின் முகம் முதல்முறையாக வாடியது. "சார், ஆமா இல்லைன்னு சொல்ற பவர் எனக்குக் குடுக்கல. நான் கிளை லெவல். நான் சொல்லக்கூடியது மூணு. 'கண்டிப்பா', 'புரியுது', 'ஆப்ல போடுங்க'. நீங்க ஆப்ல போடுங்க சார்."

மறுபடி மணி அடித்தது. முனிரத்தினம் வெளியே வரும்வரை கைதட்டல் கேட்டது.

அவருடைய மனைவி மாலா மருந்துக் கடையில் வேலை செய்பவள். மாத்திரை அட்டையின் பின்னால் எறும்பு வரிசை மாதிரி இருக்கும் எழுத்துகளையும் கண்ணாடி இல்லாமல் படித்துவிடுவாள். கம்பெனி ஆப்பில் கேள்வியைப் போட்டதும் அவள்தான். ஒரு வரியில் போட்டாள்: உங்கள் வீகன் பர்கரில் பால் இருக்கிறதா?

இரண்டு நாளில் பதில் வந்தது. "அன்பு உறவே, உங்கள் கேள்விக்கு நன்றி. ஆம். உங்கள் உணர்வுகள் எங்களுக்கு முக்கியம்."

"ஆம்னு போட்டுக்கீது பாரு" என்றார் முனிரத்தினம்.

"அது பாலுக்கு ஆமா இல்ல. உணர்வுக்கு ஆமா" என்றாள் மாலா. மறுபடி எழுதினாள். பால் இருந்தால் என் குழந்தை செத்துப்போகும், தயவுசெய்து ஒரு வார்த்தையில் பதில் சொல்லவும்.

இம்முறை பதில் சீக்கிரம் வந்தது. அவர்களுடைய புகார் 'பால் போதவில்லை' என்ற தலைப்பில் பதிவாகியிருந்தது. ஏற்பட்ட குறைக்கு வருந்தி, இலவசமாக ஒரு பெரிய மில்க்‌ஷேக்குக்கான கூப்பனை அனுப்பியிருந்தார்கள். கூப்பன் இந்துவின் பெயரில் இருந்தது.

மூன்றாவது முறை மாலா எழுதவில்லை. முனிரத்தினம் ரயிலிலிருந்து கம்பெனியின் தொலைபேசிக்குப் பேசினார். பங்காருபேட்டை தாண்டும்போது அன்புக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். மாலூரில் ஆலோசனைக்கு இரண்டு. வொயிட்ஃபீல்டில் ஒரு பெண் குரல் வந்து, தாங்கள் இப்போது பேசிக்கொண்டிருக்கும் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டது. இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை என்றார் முனிரத்தினம். அதற்கு அந்தப் பெண் நன்றி சொன்னாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது. இறங்கியதும் ஒரு செய்தி வந்திருந்தது: 'உங்கள் பிரச்சினை தீர்ந்தது.'

அன்று அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அவர் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே போனார். ஏழாவது மாடி. லிப்டில் ஏறும்போது பழக்கத்தில் கயிற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனார். அது நன்றாக இருந்தது.

விநாயக் என்பவரைப் பார்க்கச் சொன்னார்கள். கதவில் 'தேசிய வீகன் அனுபவத் தலைவர்' என்று பலகை. ஐம்பது வயதிருக்கும். மேசை மேல் ஒரு கோப்பை ஃபில்டர் காபி, நல்ல பசும்பாலில் போட்டது, நுரையோடு இருந்தது. கன்னடக்காரரானாலும் தமிழ் நன்றாகப் பேசினார். உட்காரச் சொன்னார், முழுவதையும் கேட்டார், கண்களை மூடித் தலையாட்டினார்.

"மிஸ்டர் முனிரத்தினம், உங்கள மாதிரி ஆள்களுக்காகத்தான் நாங்க வீகனுக்குள்ள வந்தோம். உண்மையச் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்ன எங்க முதலீட்டாளர் ஒருத்தர் சாப்பிட வந்தார். வீகன் இருக்கான்னு கேட்டார். இல்லைன்னு சொல்ல எங்களுக்கு வெக்கமா இருந்துச்சு. அடுத்த வாரமே கொண்டுவந்துட்டோம்."

"ஒரே வாரத்துலயா?"

"பெயிண்ட் காய ஒரு வாரம் ஆச்சு. பச்சை இலை வரஞ்சோமில்ல."

"சார், பால் கீதா இல்லியா?"

விநாயக் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "பாருங்க, நீங்க பால ஒரு பொருளா பாக்கறீங்க. நாங்க அந்த ஸ்டேஜ தாண்டிட்டோம். வீகன்றது சாப்பாடு இல்ல, எண்ணம். நாங்க பர்கர்லேந்து பால எடுக்கல. பால் பத்தின எண்ணத்த எடுத்தோம். பால எடுக்கறது ஈஸி. எந்தக் கடைக்காரனும் எடுப்பான். எண்ணத்த எடுக்கறதுக்கு ஒரு கம்பெனி வேணும்."

"பேனர்ல பால் இல்லைன்னு போட்டுக்கீறீங்களே?"

"பேனர்ல இல்ல. கரெக்ட். பேனர் துணி."

முனிரத்தினம் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்ற சந்தேகம்தான் வந்தது. அதைப் பிறகு மாலாவிடம் சொன்னபோது வெட்கப்பட்டார்.

"சார், நான் லிப்ட் வேலை செய்யறவன். எனக்கு எண்ணமெல்லாம் தெரியாது. என் பொண்ணு அதத் துன்னா உயிரோட கீறாளா இல்லியா, அதான் கேக்கறேன்."

"அதச் சொல்லக்கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லியிருக்கார்" என்றார் விநாயக் மிகுந்த அனுதாபத்தோடு. "இருக்குன்னு சொன்னா பேனர் பொய் ஆயிடும். இல்லைன்னு சொல்லி எதாச்சும் ஆனா நாங்க பொறுப்பு. அதனால நாங்க ரெண்டுக்கும் நடுவுல நேர்மையா நிக்கறோம். ஆனா உங்க ஆர்வம் எனக்குப் பிடிச்சிருக்கு. பார்ட்டி எப்போ, ஞாயித்துக்கிழமையா? நானே கே.ஜி.எப். வரேன்."

முனிரத்தினத்தின் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் பேசி முடிவெடுத்தார்கள். கடைப் பண்டம் வேண்டாம். மாலா வீட்டிலேயே பால் சேர்க்காமல் பன் சுட்டு, உருளைக்கிழங்கு கட்லெட் வைத்து, கடையில் இருப்பது மாதிரியே ஒன்று செய்து டப்பாவில் கொடுப்பது. இந்துவுக்கு அது முழுச் சம்மதம். எல்லோரோடும் உட்கார்ந்து, எல்லோரும் கடிக்கும்போது தானும் கடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஈவ்லினின் அம்மா நேசமணி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். "நான் பக்கத்துலயே இருப்பேன், அனுப்பி வையி மாலா" என்றாள். மாலாவுக்கு அன்று மருந்துக் கடையில் வேலை. முனிரத்தினம் கூடப் போவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போனபோது கடை வாசலில் முனிரத்தினத்தின் முகம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. தோளில் விநாயக்கின் கை. கீழே 'கே.ஜி.எப்.பின் முதல் வீகன் உறவு' என்று எழுதியிருந்தது. அவர் நேற்றைக்கும் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர்.

உள்ளே நுழையும் இடத்தில் சரத் இந்துவின் டப்பாவைத் தொட்டான். "சார், வெளி உணவுக்கு அனுமதி இல்ல."

"இது அவளுக்கு மட்டும்பா. அவ வேற எதுவும் துன்னக் கூடாது. உனக்கே தெரியும்."

சரத் தயங்கினான். பின்னாலிருந்து விநாயக் வந்தார். "பிரச்சினை பார்ட்டில இருக்கறவங்க எல்லாரோட பாதுகாப்பு. இந்த டப்பால என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பொண்டாட்டி பண்ணது."

"அவங்க சர்டிஃபைடா?"

பிள்ளைகள் உள்ளே போய்விட்டிருந்தார்கள். ஈவ்லின் நாற்காலியைப் பிடித்துவைத்துக்கொண்டு கையாட்டினாள். டப்பாவைச் சோதித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் அப்படியே கொடுத்துவிடுவதாக விநாயக் வாக்களித்தார். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சரத் டப்பாவை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் போனான்.

பிறகு முனிரத்தினத்தை மேடைக்கு அழைத்தார்கள். மேடை என்பது நான்கு மேசைகளைச் சேர்த்துப் பச்சைத் துணி போட்டது. சால்வை போர்த்தினார்கள். விநாயக் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த மனிதர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். சாதாரணக் கம்பெனி பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கும். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் இன்னொரு கேள்வி வரும். அதனால் இனி எந்த உறவும் எந்தக் கேள்வியும் கேட்கத் தேவையில்லாத ஒரு நிலையை உருவாக்கியிருக்கிறோம். இந்தியாவிலேயே முதல்முறையாக, முழு வெளிப்படைத்தன்மை."

சுவரில் தொங்கிய திரையை இழுத்தார். பளிச்சென்று ஒரு பலகை தெரிந்தது.

'இங்கு விற்கப்படும் எந்தப் பொருளிலும் எந்தப் பொருளும் இருக்கலாம்.'

மணி அடித்தது. கைதட்டல் எழுந்தது.

அதே சமயம் சரத் டப்பாவைக் கொண்டுவந்து இந்துவின் முன்னால் வைத்தான். மூடி மேல் பச்சை இலை போட்ட முத்திரை ஒட்டியிருந்தது. 'சோதிக்கப்பட்டது. வீகன்.' உள்ளே மாலா செய்த பர்கர் நான்கு துண்டாக வெட்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வெட்டித்தானே ஆக வேண்டும். சமையலறையில் அந்த நேரத்தில் கைக்கு எட்டியது சீஸ் பாளத்தை வெட்டிக்கொண்டிருந்த கத்தி.

அதைக் கவுண்டரிலிருந்து வாணி பார்த்திருந்தாள். வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு ஓடிவந்தாள். "பாப்பா, துன்னாத, அதத் துன்னாத" என்று கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்து எல்லோரோடும் சேர்ந்து கடித்தாள். அம்மா செய்தது, அம்மாவின் டப்பா.

மேடையிலிருந்து முனிரத்தினம் பார்த்தபோது மகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு தடித்திருந்தது. சால்வையோடு குதித்து இறங்கினார். நேசமணி அதற்குள் இந்துவைத் தரையில் கிடத்திப் பையிலிருந்த ஊசியைத் தொடையில் ஏற்றிவிட்டாள். "அண்ணா, தூக்குங்க. ஆட்டோவ நிறுத்துங்க" என்றாள், வார்டில் பேசுகிற அதே குரலில். ஆட்டோவில் இந்துவின் மூச்சு விசில் மாதிரி இழுத்தது. முனிரத்தினம் அவள் நெஞ்சில் கைவைத்து, ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் வேறு எதையும் பார்க்கவில்லை.

பிழைத்தாள். மாலை நான்கு மணிக்கு மூச்சு சீரானது. மாலா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தான் செய்ததில் எங்கே தப்பு நடந்தது என்று மாவு பிசைந்ததிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வாணி வந்தாள். கம்பெனிச் சட்டை இல்லை.

"அக்கா, உங்க மேல ஒண்ணுமில்ல. சீஸ் வெட்டின கத்திக்கா. கழுவல. நான் பாத்தேன்" என்றாள். பிறகு அழுதாள். அன்று மதியமே அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். வரிசையை விட்டு ஓடியதால் 'உறவு நிறைவுற்றது' என்று. அந்தக் கம்பெனியில் வேலையை விட்டு நீக்குவதற்கு அதுதான் பெயர்.

கம்பெனியின் அறிக்கையும் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சான்றிதழ் இல்லாத உணவை உண்டதால் ஒரு சிறுமிக்கு லேசான அசௌகரியம் ஏற்பட்டதாகவும், வெளி உணவின் ஆபத்தைப் பற்றித் தாங்கள் தொடர்ந்து எச்சரித்துவருவது நிரூபணமாகியிருப்பதாகவும், இருந்தும் அந்தக் குடும்பத்தைத் தாங்கள் மன்னித்துவிட்டதாகவும் அதில் இருந்தது.

முனிரத்தினம் அதைப் படித்துவிட்டுப் போனை மாலாவிடம் கொடுத்தார். அவள் கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். "மன்னிச்சிட்டாங்களாமே" என்றாள். அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலையில் முனிரத்தினம் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனார். புகாரை வாங்கிக்கொண்டு, கெடுதல் செய்தது யாருடைய சாப்பாடு என்று கேட்டார்கள். எங்களுடையது என்றார். அப்படியானால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும் என்றார்கள்.

அவர் அங்கே இருந்த நேரத்தில் விநாயக் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட ஒரு கேமராக்காரர். பூங்கொத்தைக் கட்டிலில் வைத்தார்.

"இந்து கண்ணு, ஊர்ல எல்லாரும் உன்ன நெனச்சு கவலப்படறாங்க. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லணும். 'நான் நல்லா இருக்கேன், பர்கர் பந்துவுக்கு நன்றி.' அவ்வளவுதான்."

மாலா எழுந்தாள். இந்து அம்மாவின் புடவையைப் பிடித்து உட்காரவைத்தாள். "சொல்றேன் அங்கிள்" என்றாள். தொண்டை இன்னும் கட்டியிருந்தது. கேமராவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"சீஸ் வெட்டின கத்திய கழுவாம என் சாப்பாட்ட வெட்டிட்டாங்க."

"கட். அது இல்ல கண்ணு."

"சரி அங்கிள்." மறுபடி அதையே சொன்னாள்.

மூன்றாவது முறையும் அதையே சொன்னாள். நான்காவது முறை புன்னகையோடு சொல்லும்படி கேட்டார். புன்னகையோடு சொன்னாள். ஏழாவது முறைக்குப் பிறகு விநாயக் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். முகம் தெளிவாக இருந்தது, புன்னகை இருந்தது, கண்களில் லேசாகத் தண்ணீர்கூட இருந்தது. "போதும். சத்தத்த எடுத்துட்டு மியூசிக் போட்டுடலாம்" என்றார்.

புல்லாங்குழல் இசையோடு அன்று மாலையே வீடியோ வெளியானது. 'எங்கள் சின்ன உறவு நலம்' என்று தலைப்பு. தென்னிந்தியா முழுவதும் ஓடவிட்டார்கள். விநாயக்குக்கு அந்த ஆண்டின் வெளிப்படைத்தன்மை விருது கிடைத்தது. சரத்தை இன்னும் பெரிய கிளைக்கு மாற்றினார்கள்.

வீடியோவை முதலில் படித்தவள் ஈவ்லின். ஏழாம் வகுப்பில் டீச்சர் போர்டில் எழுதும்போது பிள்ளைகள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு வருஷப் பழக்கம். ஈவ்லின் ஒரே தடவை பார்த்துவிட்டு, "மம்மி, இவ நல்லா கீறேன்னு சொல்லல. கத்திய கழுவலன்னு சொல்றா" என்றாள். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரும் பார்த்து அதையே சொன்னார்கள். நேசமணி வீடியோவுக்குக் கீழே அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதினாள். கம்பெனி அழித்தது. மறுபடி எழுதினாள். மற்றவர்கள் கன்னடத்தில் எழுதினார்கள், தெலுங்கில் எழுதினார்கள். மூன்றாம் நாள் கம்பெனி வீடியோவின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தது: 'வாயசைவுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அந்த வரியைப் படித்த பிறகுதான் ஊரில் மற்றவர்களும் வாயைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ராபர்ட்சன்பேட்டைக் கிளையில் கூட்டம் குறைந்தது. பிறகு இல்லாமலே போனது. கே.ஜி.எப். மக்கள் வீகன் வாழ்க்கைக்கு இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிக் கடையை மூடினார்கள். வாணி இப்போது மாலாவோடு மருந்துக் கடையில் நிற்கிறாள். மற்ற ஊர்களில் கடை நடக்கிறது. பேனர்கள் தொங்குகின்றன.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் முனிரத்தினத்தின் போனுக்கு மைசூரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வீடியோவின் கீழே பார்த்து நேசமணியிடம் எண் வாங்கியதாகச் சொன்னாள் அந்தப் பெண். அவளுக்கு நான்கு வயதில் ஒரு மகள். இதே கோளாறு. அவர்கள் தெருவில் பர்கர் பந்து திறக்கப்போகிறது. குழந்தை அழுகிறது. கம்பெனிக்கு ஒன்பது முறை எழுதிவிட்டாள். "அதரல்லி ஹாலு இதெயா சார்?" என்று கேட்டாள். அதில் பால் இருக்கிறதா?

முனிரத்தினம் அவசரத்தில் தமிழிலேயே ஆரம்பித்தார். "அது வந்து மேடம், அவங்க வீகன்ல ரெண்டு லெவல் கீது. ஒண்ணு வந்து..." பன் எதில் சேர்த்தி, எண்ணெய் எதில் சேர்த்தி என்று அவர் விளக்கப் போனபோது, பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த இந்து எழுந்து வந்து போனை வாங்கினாள்.

"இதெ ஆன்ட்டி. ஹாலு இதெ" என்றாள். இருக்கிறது, பால் இருக்கிறது.

மறுமுனையில் அந்தப் பெண் சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.